உப்பு லைன் வழியே மாப்புக் கொடுக்கப் போனேன்

1

நான் இருக்கும் ஜெர்மன் நகரத்தில் ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் ஓடியதாம். சுரங்கத்தை மூடியதும் ரயிலும் நின்றுவிட்டது. இந்த மனிதர்கள் சும்மா இருப்பார்களா? தண்டவாளத்தைக் கழற்றி, தார் போட்டு, நடுவில் வெள்ளைக்கோடு கீறி, சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. வீட்டிலிருந்து அங்கே இந்தப் பாதையால்தான் சைக்கிளில் போய் வருகிறேன்.

இந்த ஊரில் மன்னிப்புக்குப் பஞ்சமே இல்லை. எதிரே வருகிறவரின் முழங்கை என் கோட்டில் பட்டும் படாமலும் உரசினால்கூட 'எந்த்ஷுல்டிகுங்' என்று மன்னிப்புக் கேட்பார். பதிலுக்கு நானும் கேட்பேன். இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமலே மன்னித்துக்கொண்டு போய்விடுவோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு காலை, அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது நானாவின் அழைப்பு வந்தது. நானா என்றால் அண்ணன், எனக்கு ஒரே ஒருவர். புத்தளத்தில் இறால் வியாபாரம்.

"தங்கச்சி, காசிம் முதலாளி ஹஜ்ஜுக்குப் போறார். பயணஞ் செல்ல நம்மட வீட்டுக்கு வந்திரிக்கார். ஒன்னயும் விசாரிச்சார். ஃபோன ஸ்பீக்கர்ல போடுறன், ஹலாலாக்கிட்டன்னு ஒரு வார்த்த செல்லிடு."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படும் முன் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். 'என் கையால் வாயால் ஏதும் நடந்திருந்தால் மாப்புத் தாருங்கள்' என்று கேட்க வேண்டும். மன்னித்தவர் 'ஹலாலாக்கிட்டன்' என்பார். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும். அதனால் ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த ஒரு வாரம் மட்டும் ஒவ்வொரு வாசற்படியிலும் கொஞ்சம் குனிந்து நிற்பார்.

காசிம் முதலாளியின் பெயரைக் கேட்டதும் என் கை தானாகவே பிரேக்கைப் பிடித்துவிட்டது. பின்னால் வந்த ஒரு கிழவர் என் மட்காட்டில் முட்டி, பிழை என்னுடையதாக இருந்தும், என்னிடமே மன்னிப்புக் கேட்டார்.

"நானா, ஃபோன்ல எல்லாம் தர ஏலாது," என்றேன். "நான் வாறன்னு அவருக்குச் செல்லுங்க."

2

"விசரா ஒனக்கு?" என்றார் என் கணவர். "மாப்புக் குடுக்க ஆராச்சும் பிளேன் ஏறிப் போவாங்களா?"

"குடுக்காம இரிக்கிறத்துக்குப் போகலாம்," என்றேன்.

பள்ளிக்கூட விடுமுறை வந்திருந்தது, மகள் ஹனாவையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஹனாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் விளங்கும், பேசச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அவளுடைய தமிழெல்லாம் நாங்கள் அவளோடு பேசுகிற தமிழ்தான். நாங்கள் அவளை 'நீ' என்போம், அவளும் உலகத்தில் எல்லாரையும் 'நீ' என்பாள். தமிழ் ஆட்களின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்துவிடக்கூடாதே என்று எனக்கு நெஞ்சு பதறும்.

கட்டுநாயக்காவில் இறங்கினோம். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட். பிறந்த இடம் மன்னார் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த நாட்டுக்குள் போவதற்கு என்ன காரணம் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். பழிவாங்கல் என்று ஒரு பெட்டி அதில் இல்லை. சுற்றுலா என்பதற்குப் புள்ளடி போட்டேன். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி, நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று வாழ்த்தினார்.

3

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மன்னாரில் வாப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளமும் ஊருக்குள் ஒரு மதிப்பும் இருந்தன. இரண்டையும் விட்டுவிட்டு, உடுத்த உடுப்போடு புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தோம். முந்தலுக்குக் கிட்ட, காசிம் முதலாளியின் தென்னந்தோட்டத்து ஓரத்தில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொள்ள இடம் கிடைத்தது. இடம் தந்தது முதலாளிதான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் தந்ததை அவர் ஒருநாளும் மறக்கவிட்டதுமில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவர் வருவதைக் கண்டால் வாப்பா முன் வரிசையிலிருந்து எழும்பிப் பின்னால் போய் நிற்பார்.

தோட்டத்துக்குப் பின்னால்தான் உப்பு லைன். கடல்நீர் உள்வாங்கிய களப்போரத்து உப்பளத்திலிருந்து பெரிய ரயில் பாதைக்கு உப்பு ஏற்றிய சின்னக் கிளைப் பாதை. நாங்கள் வரும்போதே அதில் ரயில் நின்று கனகாலம். தண்டவாளத்தில் பாதியை ஆட்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், மேடு மட்டும் களப்பை அணைத்துக்கொண்டு நேரே போனது. அதன் மறு அந்தத்தில் என் பள்ளிக்கூடம். ரோட்டால் போனால் இரண்டு பஸ் ஏற வேண்டும், பஸ்ஸும் நினைத்த நேரம்தான் வரும். லைனால் போனால் சைக்கிளில் கொஞ்ச நேரம்.

வாப்பாவிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதில் கருவாட்டுப் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்பார். ஓ.எல். பரீட்சை வகுப்புக்கு நான் போகத் தொடங்கியதும் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சைக்கிளை என்னிடம் தந்துவிட்டார். உப்பு லைனில் வைத்துத்தான் ஓடப் பழக்கினார். கெரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். "முன்னுக்குப் பாரு, கீழ பாக்காத!" என்று கத்துவார்.

அந்த நேரம் இறால் பண்ணைக் காய்ச்சல் ஊரைப் பிடித்திருந்தது. முதலாளி லைனுக்கு இரண்டு பக்கமும் குளம் வெட்டினார். பிறகு லைனுக்குக் குறுக்கே, கழற்றிய தண்டவாள இரும்பிலேயே ஒரு கேட்டும் போட்டார். காவல்காரன் என்னைக் கண்டால் திறந்துவிடுவான். ஒரு காலை காவல்காரனுக்குப் பதிலாக முதலாளியே நின்றார். பள்ளிவாசல் ஆட்கள் நாலைந்து பேர் பண்ணை பார்க்க வந்து, கதிரை போட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி என் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆருட மகள்? கொமரு ஒண்டு ஆம்புளச் சைக்கிள்ல காலப் போட்டுக்கிட்டு, என்ட காணிக்குள்ளால ஊர்வலமா? எங்க ஒன்ட வாப்பா? வரச் செல்லு!"

வாப்பா ஓடி வந்தார். தலையில் கருவாட்டுப் பெட்டியோடேயே ஓடி வந்தார், அதை இறக்கி வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். "இரிக்க எடந் தந்தா இப்பிடித்தான், மானம் ரோசமில்லாத கூட்டம்," என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"புள்ளைக்கு இல்ல முதலாளி, எனக்குத்தான் புத்தி இல்ல. மாப்புத் தாங்க."

முதலாளி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கதிரையில் போய் இருந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். வாப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சைக்கிள் கேட்டிலேயே சாய்ந்து நின்றது. அது திரும்பி வரவில்லை, காவல்காரன் அதில் ஓடித்திரிந்தான். என் படிப்பும் அதோடு சரி. மூன்று வருடத்தில் கலியாணம் பேசி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன். வாப்பா கண்ணை மூடி மவுத்தானபோது இங்கே என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருந்தார்கள். நாட்டை விட்டு வெளியேறினால் வழக்கும் முடிந்துவிடும் என்றாள் மேசைக்குப் பின்னாலிருந்தவள். சொல்லிவிட்டு, தன் துக்கத்தைத் தெரிவித்து மன்னிப்பும் கேட்டாள். நான் போகவில்லை. நானா ஃபோனில் ஜனாஸா அடக்கத்தைப் பற்றிச் சொன்னார். தொழுகைக்கு முன் அவர் சபையைப் பார்த்து, 'எங்கட வாப்பா ஆருக்கும் ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புக் குடுங்க' என்று வழக்கப்படி கேட்டாராம். எல்லாரும் வாய்க்குள் முணுமுணுத்தார்களாம். முன் வரிசையில் நின்ற காசிம் முதலாளி மட்டும் ஊருக்கே கேட்கச் சத்தமாக, "நான் மாப்புக் குடுத்திட்டன்!" என்றாராம்.

நானா அதைப் பெருமையாகச் சொன்னார். உயிரோடு நின்று கேட்ட மனிசனுக்குத் தராததை மையத்துப் பெட்டிக்குத் தந்திருக்கிறார். அதுவும் என் வாப்பா அவருக்குப் பிழை செய்த மாதிரி! அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மாப்புக் கேட்டு நீ என் வாசலுக்கு வராமலா போவாய், வா, அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று.

4

புத்தளத்தில் நானா எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். ஆனால் முதலாளியின் பண்ணை இறால்தான் அவருடைய வியாபாரத்தில் பாதி. இரவுச் சாப்பாடு முடிவதற்குள் கதையைத் தொடங்கிவிட்டார்.

"நாளைக்கு அவர்ட வீட்டில பயணச் சாப்பாடு. போவம், ரெண்டு வாய் திம்பம், நீ செல்ல வேண்டியதச் செல்லிடு. மௌலவிட்டயும் கேட்டுட்டன். வாப்பாக்காகப் புள்ளைகள் மாப்புக் குடுக்கலாமாம்."

"மௌலவிட வாப்பாவா தலையில பெட்டியோட ஓடி வந்தது?" என்றேன்.

"பழசக் கெளறாத தங்கச்சி."

"வீட்டுக்கு வர மாட்டன். லைனால வாறன். அந்தக் கேட்டடிக்கு அவர வரச் செல்லுங்க. ஆக்களோட வரச் செல்லுங்க."

நானா உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் சொன்னதைச் செய்தார், பாவம். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் காற்றுக்குப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் ஹோட்டல் ஒன்றிலிருந்து இரண்டு சைக்கிளும் வாடகைக்கு எடுத்து வந்தார். என்னோடு கோபம் என்றாலும் டயருக்குக் காற்றுப் போதுமா என்று தானே அமுக்கிப் பார்த்தார்.

காலையில் முதல் வேலையாகப் பெரிய பாதையின் ரயில் நிலையத்துக்குப் போனேன். அந்த லைன் யாருடையது என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. அங்கிருந்த அலுவலர் சிங்களவர், பொறுமையான மனிசர். உப்பு லைனா, அப்படி ஒன்று இருந்ததா என்று முதலில் அவரே என்னைக் கேட்டார். பிறகு உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்தார். ஓம், இருந்தது, ரயில் ஓடாவிட்டாலும் மேடு அரசாங்கத்துடையதுதான், யாரும் கேட் போட முடியாது என்றார்.

"அப்படியென்றால் கேட்டைக் கழற்றுங்களேன்," என்றேன், துருப்பிடித்த என் சிங்களத்தில்.

அதற்கு ஆளில்லை என்றார். போய்ப் பார்ப்பதற்கும் ஆளில்லையாம். நான் முறைப்பாடு எழுதித் தரலாமாம். எழுதித் தந்தால் அதைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நல்ல மனம் விட்டுச் சிரித்தார். எனக்குப் போதும். என்ட காணி, என்ட காணி என்று அந்த ஆள் வாப்பாவை ஏசினாரே, அவருடைய காணியே இல்லை. என் சைக்கிளில் ஓடித்திரிந்த காவல்காரனுக்கு அதில் எவ்வளவு உரிமையோ, அவ்வளவு உரிமைதான் அந்த மேட்டில் அவருக்கு.

5

பெரிய பாதையிலிருந்து உப்பு லைன் பிரியும் இடத்தைத் தேடிப் பிடிக்கவே நேரம் போனது. எருக்கும் உடைமரமும் மூடிக் கிடந்தன. ஒரு வீட்டுக்காரர் மேட்டில் கோழிக்கூடு கட்டியிருந்தார். நாங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேலிக்குள்ளால் போனதைப் பார்த்து, "ஆரத் தேடுறீங்க?" என்றார். "ரயில்ப் பாதைய," என்றேன். ஹனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார்.

கோழிக்கூட்டுக்கு அப்பால் மேடு தெளிவாகிவிட்டது. சல்லிக்கல் இன்னும் கிடக்கிறது, அதனால் சைக்கிள் குதித்துக் குதித்துத்தான் ஓடும். சிலிப்பர் கட்டை ஒன்றுகூட இல்லை. சண்டைக் காலத்தில் காவலரண் கட்ட ஆமி எடுத்தது பாதி, ஊரார் அடுப்புக்கு எடுத்தது மீதி. வழியில் ஒரு மாட்டுப் பட்டிக்கு நாலு மூலையிலும் தண்டவாளத் துண்டுதான் கம்பமாக நின்றது. ஒரு மதகு மட்டும் வெள்ளைக்காரன் கட்டினது கட்டினபடி இருந்தது, கீழே களப்புத் தண்ணீரில் கொக்கு நின்றது.

ஹனா முதலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வெயில், நுளம்புக்கடி, சிக்னல் இல்லை. பிறகு மேட்டில் ஏழெட்டுக் காட்டுக்கழுதைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. புத்தளத்துக் கழுதைகளுக்குப் பெல் அடித்தால் விளங்காது. அவள் இறங்கி, ஜெர்மன் மொழியில் மரியாதையாக வழி கேட்டாள். அவை அசையவில்லை. நான் "ச்சூ! போ சனியனே!" என்று ஒரு சத்தம் போட்டேன், அத்தனையும் களப்புப் பக்கம் இறங்கி ஓடின. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ஏன் இந்தப் பாதையால் இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகிறோம், கார் இருக்கிறதே என்று கேட்டாள்.

அவளுக்கு நான் அதுவரை எதையும் சொல்லியிருக்கவில்லை. ஒரு உடைமர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தமிழும் ஜெர்மனும் கலந்து முழுவதையும் சொன்னேன். வாப்பாவின் பெட்டியைச் சொன்னேன். தேத்தண்ணியைச் சொன்னேன். ஜனாஸாவில் போட்ட சத்தத்தையும் சொன்னேன். அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆள் சொரி சொன்னா, நீ ஓகே சொல்லுவியா?"

"மாட்டன்."

"நல்லம்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இவளுக்கு மன்னார் தெரியாது, முந்தல் தெரியாது, வாப்பாவின் முகம்கூடப் படத்தில் பார்த்ததுதான். இருந்தும் யாருடைய பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இறால் குளங்கள் தொடங்கின. இரண்டு பக்கமும் சதுரம் சதுரமாக, நோய் வந்து கைவிட்ட குளங்கள், தரை வெடித்துக் கிடந்தன. ஒரு காலத்தில் பெரிய பெருமையாக வெட்டியவை. பார்க்கப் பார்க்க எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. கடைசியில் மட்டும் சில குளங்களில் தண்ணீர் இருந்தது, காற்றடிக்கும் சக்கரங்கள் சுற்றின. அவற்றுக்கு நடுவே, லைனுக்குக் குறுக்கே, அந்தக் கேட்.

6

முதலாளி பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நான் பத்து முகம் வைத்துக் கற்பனை பண்ணியிருந்த ஆள், வற்றிப்போன ஒரு கிழவராக இருந்தார். மகன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பள்ளிவாசல் ஆட்கள் சிலர், பண்ணை வேலையாட்கள், ஓரமாக நானா. கேட் பூட்டியிருந்தது. நாங்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம்.

"வாங்க மகள்," என்றார் முதலாளி எழும்பிக்கொண்டு. "வீட்ட வந்து ஒரு வாய் சாப்புட்டுக் கதைக்கலாமே. என்னத்துக்கு இந்த வெயிலுக்குள்ள?"

"இல்ல முதலாளி. இந்த எடம் நல்லம்."

"சரி, ஒங்கட விருப்பம். எனக்கு வயசு போயிட்டு மகள். அல்லாட வீட்டுக்குப் போறன். என்ட கையால, வாயால ஒங்களுக்கு ஏதும் நடந்திருந்தா, அல்லாக்காக மாப்புத் தந்து ஹலாலாக்கிடுங்க."

"எதுக்கு முதலாளி?"

"என்னண்டு மகள்?"

"எதுக்கு மாப்புக் கேக்குறீங்கண்டு கேக்கிறன்."

அவர் நானாவைப் பார்த்தார். நானா நிலத்தைப் பார்த்தார். "பொதுவாத்தான்," என்றார் முதலாளி. "எல்லாருட்டயும் கேக்கிற மாதிரி."

அட அல்லாஹ்வே! இந்த மனிசனுக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் நான் நெஞ்சில் போட்டுப் புரட்டிய விஷயம், அவருக்குத் தேத்தண்ணிக்கு நடுவில் நடந்த ஒரு சின்ன அலுவல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டின் இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு, குளத்தில் நின்ற வேலையாட்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒன்றுவிடாமல் சொன்னேன். இதே இடம் என்றேன். இந்தக் கதிரை மாதிரி ஒரு கதிரை என்றேன். உங்கள் காணி என்றீர்களே, இது அரசாங்கக் காணி, இன்றைக்குக் காலையில் விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். வாப்பா சொன்ன வார்த்தையை வாப்பா சொன்ன மாதிரியே சொன்னேன். நீங்கள் ஒரு பதில்கூடச் சொல்லவில்லை என்றேன்.

முதலாளி மெல்லக் கதிரையில் இருந்தார். "அப்பிடியா செஞ்சன்? எத்தின பேர் வந்தாங்க, போனாங்க மகள். எனக்கு நெனவில்லியே."

"தாத்தா, வாப்பாக்குப் பிரஷர், சுருக்கா முடிங்க," என்றான் மகன். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

அப்போது நானா வாய் திறந்தார். "செஞ்சீங்க, முதலாளி," என்றார். "நானும் அந்தத் தென்னைக்குப் பின்னால நின்டுக்கிட்டுத்தான் இருந்தன்."

நானா அங்கே நின்றது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஹனா கேட்டுக்குக் கிட்ட வந்து, கம்பிக்குள்ளால் முதலாளியை நேரே பார்த்தாள். "உம்மாட சைக்கிள எடுத்தது நீயா?" என்றாள்.

பள்ளிவாசல் ஆட்கள் மூச்சை உள்ளே இழுத்தார்கள். எண்பதை எட்டும் மனிசனை, ஊர் முழுக்க முதலாளி என்று கூப்பிடுகிறவரை, முக்காடும் ஒழுங்காகப் போடாத ஒரு சின்னப் பெட்டை 'நீ' என்றுவிட்டாள். வேறு இடமென்றால் அவளுடைய தொடையில் கிள்ளியிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ஓம் புள்ள," என்றார் முதலாளி கடைசியில். "நான்தான் போல." பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். "பெரிய பிழைதான் மகள். மாப்புத் தாங்க."

"என்ட பங்கத் தந்தன்," என்றேன். "சைக்கிள், படிப்பு, எல்லாம் ஹலால். அதில ஒங்களுக்கு ஒரு பயமும் வேணாம். வாப்பாட பங்கு என்ட கையில இல்ல."

"ஒங்கட நானா தந்திட்டாரே?"

"நான் தந்தது என்ட பங்கு முதலாளி," என்றார் நானா.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் ஆருட்டப் போய்க் கேக்கிற?"

"வாப்பா மையவாடியில இரிக்கார்," என்றேன். "நீங்க மாப்புக் குடுத்து அடக்கின எடம்தான். போய்க் கேளுங்க."

அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பிறகு கேட்டைத் திறக்கச் சொன்னார். ஹனா முதலில் ஏறி மிதித்தாள், பின்னால் நான். அவருக்குப் பக்கத்தால் போகும்போது ஸலாம் சொன்னேன். அதைச் சொல்லாமல் போனால் வாப்பா கோபிப்பார்.

7

இங்கே திரும்பி வந்து குளிர் தொடங்கிவிட்டது. பாதையில் இலைகளைக் கூட்டி அள்ளுவதற்கென்றே ஒரு வண்டி வருகிறது. ஹனாவின் வகுப்பில் விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னார்களாம், கழுதைகளைப் பற்றி மட்டும் எழுதினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானா பேசினார். முதலாளி ஹஜ்ஜுக்குப் போய் நல்லபடியாகத் திரும்பிவிட்டார். இப்போது ஊர் முழுக்க அவரை ஹாஜியார் என்கிறது. எனக்கென்று ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டிருக்கிறார். கேட்டையும் கழற்றிவிட்டாராம். இரண்டு பிள்ளைகள் சைக்கிளில் அந்த வழியால் பள்ளிக்கூடம் போகிறார்களாம். அது நல்ல காரியம், அல்லாஹ் அதற்குரிய கூலியைக் கொடுக்கட்டும்.

"ஆனா தங்கச்சி," என்றார் நானா, "போறத்துக்கு முந்தின நாள் பின்னேரம் மையவாடிக்கு வந்தார். வாப்பாட கப்றக் காட்டச் சொன்னார், காட்டினன். வந்த பொறகும் அசர் தொழுகைக்குப் பின்ன ஒவ்வொரு நாளும் போறார். மகன் ஏசுறான், கேக்கிறாரில்ல. நேத்து என்ட கையப் புடிச்சிக்கிட்டு, 'ஒங்கட வாப்பா மாப்புத் தந்திட்டார், இல்லாட்டித் தரல்லண்டு எனக்கு எப்பிடி வெளங்கும்?' எண்டு கேக்கிறார். நான் என்னத்தச் செல்ல?"

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ராவையில தூக்கமே இல்லியாம். நீ வாப்பாட செல்ல மகள். வாப்பா இருந்திருந்தா தந்திருப்பார்ண்டு நீ ஒரு வார்த்த செல்லிட்டாப் போதும், மனிசன் நிம்மதியாத் தூங்குவார்."

வாப்பாவை எனக்குத் தெரியாதா? அந்தக் கேட்டடியிலிருந்து கொட்டிலுக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் அந்த மனிசனை மன்னித்துவிட்டார். வழியிலேயே என்னிடம் சொன்னார்: 'முதலாளிட மேல கோவப்படாத மகள், எடந் தந்த மனிசன்.' நான் இதை நானாவிடம்கூட ஒருநாளும் சொன்னதில்லை.

"என்ன, செல்லட்டா?" என்றார் நானா.

"வேணாம் நானா," என்றேன். "தூங்காம இரிக்கட்டும்."